மாத்தாத சக்கரை

ஏனுங்க, உங்களுக்கு உள்ள யாருங்க? அம்மாளுங்களா? மூச்செளப்புன்னா பயப்படாதீங்க, சரியாப் போயிரும். ஒரு ஒதவி பண்ணுங்க. அந்த நர்சம்மா கதவத் தொறந்து "குழந்தைவேலு கூட யாரு"ன்னு கூப்புட்டா என்னையத் தட்டிச் சொல்லுங்க. நேத்துலருந்து எனக்குக் காது அடைச்ச மாதிரியே இருக்குது.

எனக்குச் சம்மந்திங்க அவரு. சம்மந்தின்னு சொல்லலாமா கூடாதான்னே தெரியலை. நேத்து எங்கூட்டுல நிச்சயம். பாதியில நின்னு போச்சு. கொண்டாந்து போட்டதுலருந்து கண்ணு முழிக்காமக் கெடக்கறாரு. அவரு முழிச்சரோணும்னுதான் நானும் பண்ணாரியம்மனுக்கு வேண்டியிருக்கறன். ஆனா முழிச்சு என்ன பேசுவாரோன்னும் நெனச்சுட்டே இருக்கறன். ரெண்டும் நெசந்தானுங்க. பயமுங்க எனக்கு. இந்த ஒண்ணர வருசமாவே பயந்தான்.

ஆரம்பத்துலருந்து சொல்றன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். நான் பண்ணது தப்பா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

எங்கப்பனுக்குச் சுகருங்க. கால்ல ஒரு முள்ளுக் குத்துச்சு, அவ்வளவுதான். மொதல்ல வெரலு, அப்பறம் பாதம், அப்பறம் முட்டிக்குக் கீழ எடுத்துப்போட்டாங்க. கட்டல்ல கெடந்துட்டு, இல்லாத கால் அரிக்குதுன்னு சொறியச் சொல்லுவாரு. நாந்தான் போர்வைய வெறும்னே சொறிஞ்சு விடுவன். அதப் பாத்தவனுங்க நான். அப்பறம் மஞ்ச மண்டியில ஒருக்கா கேம்ப் போட்டு எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க. எனக்கு மூணு மாசச் சராசரியோ என்னமோ பாத்துட்டு, "பார்டர்ல இருக்குதுங்க, இன்னும் சுகரு வரலை, இப்படியே விட்டா வந்துரும்"னாங்க. வரலைங்கறது எங்க காதுல ஏறுச்சு? என்ற காலத்தான் குனிஞ்சு பாத்தன்.

ஊட்டுல சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்படிங்க சொல்றது? அந்த வாரந்தான் எங்கக்கா வந்து ஒரு சேதி சொன்னா. எங்க பங்காளி பொண்ணுக்கு வந்த எடம் பேசி முடியற நேரத்துல தட்டிப் போச்சு. பொண்ணோட அப்பனுக்குச் சுகருன்னு தெரிஞ்சதும், "வம்சத்துல வார நோவு, பொறக்கற கொழந்தைக்கும் வரும்"னு மாப்பிள்ளையூட்டுக்காரங்க போனை எடுக்கறதையே நிறுத்திட்டாங்களாம். எனக்கும் ஒரே பொண்ணு, கோகிலா. எம்.எஸ்.சி. முடிச்சு ஊட்டுல இருக்குது. சாதகம் எடுத்த நேரம். நான் என்ற ஊட்டுக்காரிகிட்டக் கூட வாயத் தொறக்கலை. அவ வாயில எதுவும் நிக்காதுங்க. பொம்பளைகளச் சொல்லிக் குத்தமில்லை.

ஆனா சும்மாவும் இருக்கலை. அதை நீங்க ஒத்துக்கோணும். எங்கூருல பாத்தா தெரிஞ்சு போயிருமுன்னு இந்த ஈரோட்டுக்கே வந்து ஒரு கிளினிக்குல சேந்தன். டாக்டருக்கிட்ட இல்லீங்க, கோச்சுங்க. கபடிக்குக் கோச்சு இருக்கற மாதிரி திங்கறதுக்கும் நடக்கறதுக்கும் ஒரு கோச்சு. மெர்லின்னு நாகர்கோயில் பக்கத்துப் பொண்ணு. என்னைய மாதிரி பார்டர்ல நிக்கறவிய ஒரு இருவது பேரு. நாற்காலிய வட்டமாப் போட்டு உக்கார வெச்சு, ஞாயித்துக்கெழமைல வகுப்பெடுக்கும். பேரு கேட்டுச்சு. வாய்க்கு வந்தது என்ற மச்சினன் பேரு, சின்னச்சாமி. அப்பருந்து அங்க நான் சின்னச்சாமி அய்யா. ஊட்டுல கேட்டா மஞ்சளுக்கு வெல பாக்கப் போறன்னு சொல்லிக்குவன். ஞாயித்துக்கெழம மண்டி ஏதுன்னு அவளும் கேக்கலை.

நல்லாச் சொல்லிக் குடுக்குமுங்க அந்தப் புள்ள. திட்டாது. அது வேண்டாம் இது வேண்டாம்னும் சொல்லாது. தட்டுல பாதி காயி, கால்வாசி சோறு. சாப்புட்டு முடிச்சு உக்காராம சித்தெ நடக்கோணும். காப்பியில சக்கரைய ஒரே நாள்ல நிறுத்த வேண்டாம், வாரத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைங்கன்னுச்சு. ஒரு நேரத்துக்கு ஒரு பழக்கம், அது படிஞ்சதுக்கப்பறம் அடுத்தது. நான் எல்லாத்தையும் பண்ணன். சாப்புட்டுட்டு வாய்க்காத் தண்ணி பாக்கறன்னு சொல்லிட்டு வரப்பு மேல நடப்பன். எடை எறங்குச்சு. எறங்குனதப் பாத்துட்டு எங்கூட்டுக்காரி, புள்ளையக் கட்டிக் குடுக்கற கவலையில எளைக்கறாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தா. அது நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டன்.

ஒண்ணே ஒண்ணுதான் என்னால முடியலை. அந்தப் புள்ள ஒரு வீட்டுப்பாடம் குடுத்துச்சு. "உங்க ஊட்டுல ஒருத்தர்கிட்டயாவது வாய் விட்டுச் சொல்லீட்டு வாங்க"ன்னுச்சு. எல்லாரும் சொல்லீட்டு வந்தாங்க. நான் வாரா வாரம், "சொல்லிட்டனுங்க"ன்னு சொல்லிட்டிருந்தன். அது கண்டுபுடிச்சிருச்சு. ஒருநாள் வெளிய வரும்போது என்னைய நிறுத்தி, "அய்யா, உங்களுக்கு நோவு இன்னும் வரல்ல. பயம் மட்டும் முழுசா வந்தாச்சு. நாளைக்கு ஒரு பந்தியில 'எனக்கு இனிப்பு வேண்டாம்'னு சொல்ல உங்களால முடியுமா?"ன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சுட்டு வந்துட்டன். எந்த ஊருலயிருந்தோ வந்த புள்ளைக்கு நம்ம சபை எப்படித் தெரியும்?

அப்பத்தான் இந்த எடம் வந்துச்சு. பெருந்தொறைப் பக்கம். சொந்தமாத் தறி ஓட்டறாங்க, பையன் கோயமுத்தூருல வேலையில இருக்கறான், தங்கமான பையன். கோகிலாவும் அவனும் போன்ல பேசிப் பழகி, புள்ள மொகத்துல ஒரு களை வந்துருச்சு. அதப் பாத்ததுக்கப்பறம் இந்த எடம் போயிரக் கூடாதேன்னு எனக்கு ஒறக்கமில்லை. அவிய ஊட்டுக்கு நாங்க போனப்ப மைசூர்பாகு வெச்சாங்க. நான் மூணு தின்னனுங்க. தின்னுட்டு, "பேஷ், ஊட்டுல செஞ்சதுங்களா?"ன்னு கேட்டன்.

அவிய எங்கூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப லட்டு வெச்சம். அந்தக் குழந்தைவேலு லட்ட எடுத்து, பேசிட்டே கையில வெச்சிருந்து, ஆரும் பாக்காதப்ப கைக்குட்டைக்குள்ள மடிச்சு வேட்டி மடிப்புல சொருகுனாரு. நான் பாத்துட்டன். திருடனுக்குத் திருடன் கால் தடந் தெரியாதுங்களா? ஆனா எனக்கு அதுல நிம்மதி வரலை பாருங்க. இன்னும் பயந்தான் வந்துச்சு. அவரு மறைக்கறாருன்னா, மறைக்க வேண்டிய அளவுக்கு அது பெரிய குத்தம்னுதான அர்த்தம்?

நீங்க தருமபுரிப் பக்கம்னீங்க, உங்களுக்கு எங்க வழக்கம் தெரியாது. எங்க பக்கம் நிச்சயம்னா உப்புச் சக்கரை மாத்தறது. ஒரு தட்டுல உப்பு, ஒரு தட்டுல சக்கரை. ரெண்டு சம்மந்தியும் சபையில உக்காந்து கை மாத்திக்கோணும். மாத்திட்டா முடிஞ்சுது, வாக்கு வாக்குத்தான். மாத்தறதுக்கு முன்னால அந்தச் சக்கரையில ஒருத்தரும் கை வெக்கக் கூடாது. நிச்சயத்தன்னைக்கு, மாத்தாம பொண்ணூட்டுல கை நனைக்கறதும் இல்லை. ஒரு வாய்க் காப்பி கூடக் குடிக்க மாட்டாங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் பக்கத்துல நின்னாத்தான் மாத்தறது.

நேத்து அவிய எல்லாரும் வெடியாலயே வந்துட்டாங்க. தாய்மாமந்தான் வரலை. என்ற மச்சினன், நெசமான சின்னச்சாமி. வண்டி சத்தி ரோட்டுல நின்னு போச்சாம். இதா வாரன் இதா வாரன்னு போன் பண்ணிட்டே இருந்தான். பந்தியில எலை போட்டுத் தண்ணி தெளிச்சு வெச்சிருக்குது. அவிய ஆளுக ஒருத்தரும் பச்சத் தண்ணி கூடக் குடிக்கலை. குழந்தைவேலுவும் குடிக்கலை.

அவரு எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. நடுவுல தட்டு ரெண்டும் இருக்குது. மொதல்ல அவரு நெத்தியில வேர்த்துச்சு. காத்தாடி ஓடுது, ஆனா சட்டை நனைஞ்சு போச்சு. அப்பறம் கை நடுங்குச்சு. பேச்சுக் கொழறுச்சு. யாரோ கேட்டதுக்கு என்னமோ பதில் சொன்னாரு. எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுதுங்க. சுகரு திடீர்னு எறங்கிப் போனா இப்படித்தான்னு மெர்லின் புள்ள சொல்லிக் குடுத்திருக்குது. "இது உங்களுக்கு வராது. மாத்திரை போட்டுட்டுச் சாப்புடாம இருக்கறவங்களுக்குத்தான் வரும். பக்கத்துல யாருக்காச்சும் இந்த மாதிரி வேர்த்து நடுங்குனா, யோசிக்காதீங்க, ஒரு வாய் சக்கரை போடுங்க. நேரம் போகப் போக மூளை கெட்டுரும்"னு சொல்லியிருந்துச்சு. வெடியால மாத்திரையப் போட்டுட்டு மனுசன் பட்டினியா உக்காந்திருக்கறாரு. அவ்வளவுதான் விசியம்.

சொல்லியிருக்கலாம்னுதான நெனைக்கறீங்க? எங்கங்க சொல்றது. நூறு பேரு உக்காந்திருக்கற சபையில, "இவருக்குச் சுகரு எறங்கிப் போச்சு"ன்னா, அவரு மானம் என்னத்துக்காகறது? மறைச்சு வெச்சிருக்கற மனுசன். உனக்கெப்படித் தெரியும்னு எங்கக்கா கேட்டா? அதுவுந்தான் மனசுல ஓடுச்சு, இல்லீங்கலை. ஆனா மொதல்ல நெனச்சது அவரு மானத்தைத்தான்.

கொஞ்ச நேரந்தானுங்க. ரொம்பவெல்லாம் இல்லை. வெக்கைன்னு சொல்லி விசிறி எடுத்தாந்தாங்க. எங்கக்கா கண்ணு பட்டுருச்சுன்னு மொளகாயும் உப்பும் எடுத்துச் சுத்திக் கொண்டுபோய் அடுப்புல போட்டா. ஒரு பையனக் கடைக்கு ஓடச் சொல்லிச் சோடா வாங்கியாந்தாங்க. நான் சோடா வேண்டாம், இனிப்பாக் கலரு வாங்கியாடான்னு சொல்லியிருக்கலாம், அந்த நேரத்துக்குத் தோணலை. அவிய சம்சாரம் சரோஜாக்கா அவரு பக்கத்துல வந்து நின்னுட்டு, என்னையப் பாக்கறா, தட்டப் பாக்கறா, வாயத் தொறக்க மாட்டீங்கறா. அவளுக்கும் தெரியுது. எங்கூட்டு ஆளுக சுத்தி நிக்கறம், எப்படிச் சொல்லுவா பாவம். அதுக்குள்ள வாசல்ல வண்டிச் சத்தங் கேட்டுச்சு. மச்சினன் வந்துட்டான். கை கால் கழுவிட்டு, துண்டு மாத்திக் கட்டிட்டு வந்து நின்னான்.

பெரியவிய எல்லாம், "மொதல்ல மாத்திப்போடுங்கப்பா, அபசகுனமா நிக்க வேண்டாம், மாத்துனா எல்லாஞ் சரியாப் போகும்"னாங்க. சக்கரைத் தட்ட அவரு முன்னால நகத்துனாங்க.

அவரு என்ற பக்கமாச் சாஞ்சாரு. என்ற காதுகிட்ட, "சம்மந்தி, ஒரு வாய் இனிப்புக் குடுங்க"ன்னாரு. சத்தமே வரலை, காத்து மாதிரி வந்துச்சு. எனக்கு மட்டுந்தான் கேட்டுது. கேட்டுட்டு அவரே தட்டுல கை விட்டு ஒரு கைச் சக்கரைய அள்ளுனாரு. நான் அந்தக் கையப் புடிச்சுட்டன்.

தாங்கிப் புடிச்சனுங்க. நடுங்குது, சிந்திரப் போகுதுன்னு. இன்னும் கை மாத்தலை. மாத்தாத சக்கரைய மாப்பிள்ளையோட அப்பன் சபையில வாயில போட்டாருன்னா ஊரு என்ன பேசும்? கிறுக்குப் புடிச்ச குடும்பம்னு பேசாதா? கொஞ்சம் இருங்க சம்மந்தி, மாத்துனதும் தாரன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டன். அவரு கைய வாய்ப் பக்கம் இழுத்தாரு. நான் விடலை. அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாருங்க. ரெண்டு பேரு கைக்கும் நடுவுல இருந்து சக்கரை பூராத் தரையில கொட்டிப் போச்சு. அப்பறம் அவருக்கு வலிப்பு வெட்டு வந்துருச்சு. வாயில நுரை தள்ளிட்டுச் சாஞ்சுட்டாரு.

நாந்தானுங்க தூக்கிக் காருல போட்டன். நாந்தான் ஓட்டுனன். எங்கூருல இருந்து இங்க வரைக்கும் எங்கயும் நிறுத்தலை. அதையும் நீங்க கணக்குல எடுத்துக்கோணும். வழியில என்ற சட்டைப்பையில ஒரு மிட்டாய் இருந்தது ஞாபகம் வந்துச்சு, ஆனா அப்ப அவருக்குப் பல்லுக் கிட்டிச்சுப் போயிருந்துச்சு.

இங்க வந்ததும் ஊசி குத்திப் பாத்துட்டு டாக்டரு கத்தறாரு. "சுகரு அடி மட்டத்துக்குப் போயிருக்குது, சுகரு மாத்திரை போடறவரா?"ன்னு கேக்கறாரு. சரோஜாக்கா என்னையப் பாக்கறா. "இல்லீங்க டாக்டர், அவருக்கு ஒண்ணுமில்லீங்க"ன்னா. அந்த நேரத்துலயும் சொன்னா பாருங்க. டாக்டரு அவரு சட்டைப்பையத் தேடி மாத்திரை அட்டைய எடுத்துக் காட்டுனதுக்கு அப்பறந்தான் அழுதா. "இவ்வளவு நேரம் கூட இருந்தவங்க ஒருத்தருக்குமா தெரியலை? ஒரு ஸ்பூன் சக்கரை குடுத்திருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாரே"ன்னு டாக்டரு கேட்டாரு. ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி நானும் நின்னன்.

அப்பறம் அவ என்ன பண்ணா தெரியுங்களா? இதே பெஞ்சுக்கிட்ட, என்ற முன்னால கை கும்புட்டு நின்னா. "மன்னிச்சுக்கோங்க, உங்ககிட்ட மறைச்சுப்போட்டம். நீங்க நல்ல குடும்பம், இத்தனை தங்கமான மனுசன ஏமாத்திட்டம், அதுதான் சாமி தண்டிச்சிருச்சு"ன்னு அழுவறா. எனக்கும் மனசு கேக்கலை. "அட விடுங்கக்கா, நோவு யாருக்குத்தான் வராது. எங்களுக்கு ஒண்ணும் சங்கடமில்லை, புள்ளைக சந்தோசந்தான் முக்கியம்"னு பெரிய மனசு பண்ணிச் சொன்னன். அவ அப்படியே உருகிப் போயிட்டா. "கடேசி வரைக்கும் அவரு கைய விடாமப் புடிச்சிருந்தீங்களே, கூடப் பொறந்தவங் கூட அப்படிப் புடிக்க மாட்டான்"னா.

நீங்க என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன டாக்டரா? தெரிஞ்சிருந்துச்சு, சரி. அந்த மெர்லின் புள்ள மேலதான் எனக்கு ஆத்தரமா வருது. எனக்கு வராத நோவப் பத்தி எனக்கு எதுக்குச் சொல்லிக் குடுக்கோணும்? சொல்லாம இருந்திருந்தா நானும் மத்தவிய மாதிரி ஒண்ணுந் தெரியாம நின்னிருப்பன். ராத்திரி கண்ண மூடுனா அந்தப் பார்வை வராது. வெடியால அது போன் பண்ணுச்சு, நேத்து வகுப்புக்கு ஏன் வரலை சின்னச்சாமி அய்யான்னு. எடுத்தன், வெச்சுட்டன்.

கோகிலா ஊட்டுல சாப்புடாம உக்காந்திருக்குது. "மாமாவுக்கு எப்படிப்பா இருக்குது"ன்னு கேட்டுட்டே இருக்குது. பையன் உள்ள அப்பன் காலத் தொட்டுட்டு நிக்கறான். அவரு முழிச்சு, நடந்தத அப்படியே சொல்லிட்டாருன்னா அந்தப் பையன் என்ற புள்ளைய ஏறெடுத்துப் பாப்பானா? முழிக்காமயே போயிட்டாருன்னா... வேண்டாங்க, அதை வாயில சொல்லக் கூடாது. அவரு பொழைக்கோணும். பொழைச்சு, அந்தச் சித்த நேரம் மட்டும் அவருக்கு மறந்து போயிருக்கோணும். அப்படி மறக்கறது உண்டுன்னு சொல்றாங்கல்லங்க? வெட்டு வந்தா அதுக்கு முந்தி நடந்தது நெனப்புல இருக்காதுன்னு சொல்றாங்கல்ல? உங்களுக்குத் தெரியுங்களா?

கூப்புட்டாங்களா? குழந்தைவேலுன்னா? இல்லை, எனக்குக் கேக்கலை. சரோஜாக்காதான் வாரா. அழுவறாளா சிரிக்கறாளா, பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை.

சிரிக்கறாளுங்களா? முழிச்சுட்டாருன்னா சொன்னா? சாமி. பண்ணாரியாத்தா. நல்லதுங்கக்கா, நல்லது, போங்க, இதா வந்தர்றன்.

என்ன சொன்னான்னு உங்களுக்கும் கேட்டுச்சுல்லங்க? கண்ணு முழிச்சதும் பொண்டாட்டியக் கேக்கலையாம், பையனக் கேக்கலையாம். "சம்மந்தி எங்கே, அவர வரச் சொல்லு"ன்னுதான் மொத வார்த்தையே பேசுனாராம். அவ சந்தோசமாச் சொல்லிட்டுப் போறா. அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லலைன்னுதானுங்க அர்த்தம்? இன்னும் சொல்லலைன்னு அர்த்தமா? என்னையப் பக்கத்துல வெச்சுட்டுச் சொல்லலாம்னு கூப்புடறாரா?

இருங்க, எந்திரிக்கறன். கால் ரெண்டும் மரத்துப் போச்சு. நீங்க என்ற கூட உள்ள வாரீங்களா? ஒறம்பரை, சொந்தக்காரருன்னு சொல்லிக்கலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஏன், ரெண்டு பேருக்கு மேல விட மாட்டாங்களா? உங்களுக்கும் அம்மாளப் பாக்கோணும், சரிதான். நான் சொன்னதையெல்லாம் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.

இல்லீங்க, போறன். போகாம எப்படி? கையப் புடிச்சுக்கங்க, அந்தக் கதவு வரைக்குமாச்சும் வாங்க.